நேராக வந்த பெயர்

மூன்றாவது பலகையும் வீணாயிற்று. 'தேவச' வரை எழுத்து நேராக வந்துவிட்டு, 'கா' மட்டும் அரை விரற்கடை கீழே இறங்கியது. ஏஞ்சல், தானே செய்த மரம் செதுக்கும் மிஷினை நிறுத்தினாள். வாசல் அறையில், ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பா தேவசகாயம் படுத்திருந்தார். நாலு மணிக்கு அடக்கம்.

சிலுவையின் குறுக்குப் பலகையில் அவர் பெயரை அவள் மிஷின்தான் செதுக்கியாக வேண்டும். மனுஷர் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை, ஊரெல்லாம் வாயை விட்டிருந்தார். பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் வேலை. சாயம் காயாத கையோடு டீக்கடைக்குப் போய், "என் சிலுவைல பெயிண்டர் கை வைக்கக் கூடாது. என் பொண்ணு செஞ்ச மிஷின் பேரு போடும், பாத்துக்கினே இருங்க" என்பார். அப்போது முதலில் சிரித்தவர் அவருடைய தம்பி ஜெபகுமார்தான்.

அந்தச் சித்தப்பா இப்போது மிஷின் அறை வாசலில் நின்றார். பின்னாலேயே டப்பாவும் பிரஷ்ஷுமாக ஒரு பெயிண்டர்.

"இன்னும் எத்தினி பலகைய வீணாக்குவம்மா? இவரு ஒரு நொடில எழுதிக் குட்த்துடுவாரு."

"கேன்ட்ரி கோணுது சித்தப்பா. சரி பண்ணிடுறேன்."

மேசைக்குக் குறுக்கே, மரத்தைச் செதுக்கும் கட்டரைச் சுமந்துகொண்டு ஓடும் பாலத்துக்குத்தான் கேன்ட்ரி என்று பெயர். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மோட்டார். ஒன்று பின்தங்கினால் பாலம் கோணும், எழுத்தும் கோணும். கொஞ்ச நாளாகவே ஏஞ்சல் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இப்போதும் பாலத்தின் இரண்டு முனைகளையும் தடுப்பில் முட்டவிட்டு, மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தாள். மயிரிழை பிசகவில்லை. இடது மோட்டாரின் திருகுகளை முறுக்கிப் பார்த்தாள், அதுவும் இறுக்கமாகவே இருந்தது. இந்த மனுஷரைப் பொய்யராக்கியா மண்ணில் வைப்பது என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அம்மா சம்பூர்ணம் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வீணான பலகையின் மறுபக்கத்தில் மிஷின் மறுபடியும் ஓடியது. 'தே' வந்தது, 'வ' வந்தது. வாசல் அறையில் ஃப்ரீசர் பெட்டி உறும ஆரம்பித்ததும் பாலத்தின் இடப்பக்கம் ஒரு துள்ளு துள்ளியது.

"நான் மிக்ஸி போட்டப்பகூட இப்டித்தான் குதிச்சிது," என்றாள் அம்மா.

ஏஞ்சல் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "எப்பலேர்ந்துமா?"

"உங்கப்பா அதுக்கு அலங்காரம் பண்ணாரே, அப்பலேர்ந்து."

வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் மிஷின் பார்க்க இழுத்து வருவார் தேவசகாயம். ஒயர்கள் கண்டபடி தொங்கினால் மகளுக்குக் கௌரவக் குறைச்சலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த கையோடு எல்லா ஒயரையும் ஒன்றுசேர்த்து, பட்டறையில் மிஞ்சிய அரக்குப் பட்டுநூலால் பின்னலாகக் கட்டிவிட்டார். மோட்டாருக்குக் கட்டளை கொண்டுபோகும் மெல்லிய ஒயரும் கரண்டு ஒயரும் அந்தப் பின்னலுக்குள் ஒட்டிக் கிடந்தன. வீட்டில் எதைப் போட்டாலும் கரண்டின் உதறல் மெல்லிய ஒயரில் ஏறி, மோட்டார் கட்டளையைத் தப்பாக வாங்கிக்கொண்டது. பாவம், பாலத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பெருமை தாங்காமல் அவரே கெடுத்து வைத்திருந்தார். அந்த அழுகையிலும் ஏஞ்சலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா எழுந்தாள். "பெட்டிய செத்த நேரம் அணைச்சுடட்டா? அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"வேணாம்மா. அது பாட்டுக்கு ஓடட்டும்."

சித்தப்பா கத்தரிக்கோலை நீட்டினார். ஏஞ்சல் வாங்கவில்லை. ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் அவிழ்த்தாள். சாயத்தொட்டியில் போட்டு அலசினாலும் விடாத முடிச்சு அது, லேசில் இளகவில்லை. அம்மாவும் மறுமுனையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தாள். பிறகு ஏஞ்சல் கரண்டு ஒயரை மேசைக்கு அந்தப் பக்கமும் மெல்லிய ஒயரை இந்தப் பக்கமும் பிரித்துக் கொண்டுபோனாள். மிச்சமிருந்த ஒரே பலகையை மேசையில் பூட்டினாள்.

எழுத்து பாதி ஓடும்போது பெட்டி உறுமியது. 'கா' தன் இடத்திலேயே நின்றது. 'ய' வந்தது, 'ம' வந்தது, கடைசியாக அதன் தலைமேல் புள்ளி வட்டமாக விழுந்தது. பெயிண்டர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அம்மா முந்தானையால் மரத்தூளைத் துடைத்தாள். வாசல் அறைக்குப் போய்ப் பெட்டியின் கண்ணாடியில் கை வைத்தாள்.

"சொன்ன மாதிரியே போட்டுட்டா, பாருய்யா," என்றாள்.

சவப்பெட்டிக்கு முன்னால் ஒருவர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். ஜெபகுமார் அதை வேறு யாரும் தொட விடவில்லை. டீக்கடைக்கு நேராக வந்ததும் அவர் நின்றுவிட்டார். பின்னால் பாட்டு நின்றது, சவப்பெட்டியும் நின்றது. சிலுவையைக் கடைப்பக்கம் திருப்பிப் பிடித்தார். கடைக்காரர் பாய்லரை விட்டு இறங்கி வந்து, ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டு வாசித்தார். அவர் வாசித்து முடிக்கும்வரை ஜெபகுமார் நகரவில்லை.