வயிறு காலியாகும் வரை

மீனைத் தபாலில் அனுப்புவதென்றால் இரண்டு நாள் பட்டினி போட வேண்டும். பையில் இருப்பது ஒரு கை நீர்தான். வழியில் அது மலம் கழித்துவிட்டால் அந்த நீரே அதற்கு நஞ்சு. தாய்லாந்தில், எங்கள் நாக்கோன் பதோமில் சண்டைமீன் வளர்க்கிற வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. விருந்துக்கு வந்திருந்த என் நாத்தனார் சம்னியாங்குக்குத்தான் தெரியாது.

"வயிறு ஏன் இப்படி உப்பியிருக்கு?" அன்று அனுப்ப வேண்டியிருந்த மீனின் ஜாடியைக் காலையில் தூக்கிப் பார்த்துக் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் கொஞ்சம் கொசுப்புழு போட்டேன். ஊருக்குப் போறதை வெறும் வயித்தோடயா அனுப்புவே?"

"அக்கா!"

"கத்தாதே. சாப்பிட்டியான்னு கேக்காம நாம யாரையாவது வாசல் தாண்ட விடுவோமா?"

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. நான் வளர்த்துவந்த வெள்ளைச் சண்டைமீன் வம்சத்தில் மிஞ்சிய ஆண் இது ஒன்றுதான். மிஞ்சிய பெண் தெற்கே சொங்க்லாவில், என்னைப் போலவே மீன் வளர்க்கும் ரட்சனீயிடம் இருக்கிறது. சொங்கிரான் புத்தாண்டு விடுமுறைக்காக இன்று நாலரைக்கு மூடும் தபால் நிலையம் ஐந்து நாள் கழித்துத்தான் திறக்கும்.

ரட்சனீயைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "லீவு முடிஞ்சு அனுப்பட்டுமா?"

"என்னோடது கிழவியாயிடுச்சு அக்கா. இப்பதான் முட்டை கட்டியிருக்கு, இதுவே கடைசியா இருக்கும். இன்னிக்கே அனுப்புங்க. இங்க பார்சல் பிரிக்கிற இடத்துல லீவுலயும் ஆள் இருப்பாங்க, நானே போய் வாங்கிக்கறேன்."

மதியம் ஜாடி, பை, தெர்மாகோல் பெட்டி, பாதாம் இலை ஊறிய நீர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நானும் சம்னியாங்கும் தபால் நிலையத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். கடைசி நிமிடம் வரை ஜாடியில் விட்டுவைத்தால் இங்கேயே கழித்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

"பெட்டியை மூடலையா அக்கா?" கவுண்டரிலிருந்து சோம்யோட் கேட்டார்.

"இது இன்னும் வெளிக்கிப் போகலை தம்பி."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "நாலரைக்கு ஷட்டரை இறக்கிடுவேன். அதுகிட்ட சொல்லி வையுங்க."

முழங்கால் வலித்தது. மூன்று மணி. மூன்றரை.

"என் பேரனைக்கூட இப்படி உக்காந்து பாத்ததில்லை," என்றாள் சம்னியாங்.

"புழு எத்தனை போட்டே?"

"ஒரு கரண்டி."

"கரண்டியா!"

நாலே காலுக்கு ஜாடியின் அடியில் பழுப்பாக ஒரு நூல் விழுந்தது.

"வந்துடுச்சு!" சம்னியாங் போட்ட சத்தத்தில் சோம்யோட் முத்திரையைத் தவறவிட்டார். சற்று நேரத்தில் இன்னொன்று. வயிறு முழுக்க வற்றவில்லை. அதற்கு மேல் நேரமும் இல்லை. புது நீர் ஊற்றி, பெரிய பையில் காற்றை நிறைத்துக் கட்டி, பெட்டியை ஒட்டிக் கொடுத்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஷட்டர் இறங்கியது.

இரண்டாம் நாள் ரட்சனீ கூப்பிட்டாள். "தண்ணி கலங்கித்தான் இருக்கு அக்கா. ஆனா செவுளை விரிச்சுக்கிட்டு என்னை முறைக்குது."

நான் வாய் திறப்பதற்குள் சம்னியாங் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும், சாப்பிட ஏதாவது குடுத்தியா?"