ஈரக் கூடை

தையல்நாயகிக்கு முப்பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்புப் பாடங்கள் எல்லாவற்றையும் தனித்தேர்வராக எழுதித் தேறிவிட்டாள், கணக்கைத் தவிர. அது மட்டும் மூன்று தடவை காலை வாரிவிட்டது.

படித்துக் கலெக்டர் ஆகிற ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் தை மாதத்தோடு ஓய்வு பெறுகிறாள். அந்த இடத்துக்கு மனுப் போடப் பத்தாவது தேறியிருக்க வேண்டும், நாற்பது நிறைந்திருக்கக் கூடாது. வருகிற மாசியில் தையலுக்கு நாற்பது நிறைகிறது. ஆக, 2005 அக்டோபரில் திண்டிவனத்தில் எழுதப்போகும் இந்த ஒரு தேர்வுதான் பாக்கி. விட்டால் மறுபடி மரக்காணம் உப்பளம், இடுப்பு ஒடிகிற வரைக்கும்.

ஒடிவதற்கு இனி என்ன இருக்கிறது என்றும் அவளுக்குத் தோன்றும். பத்தொன்பது வருஷமாகத் தலையில் உப்புக் கூடை. பாத்தியிலிருந்து வரப்பேறி, அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். உள்ளங்கால் வெடிப்பில் உப்பு ஏறினால் ராத்திரி தூக்கம் போச்சு. வெயிலில் உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் எந்நேரமும் நீர். மேகம் கருக்கிறது என்று முதலாளி பறந்ததில், தேர்வுக்கு முந்தின நாள் வரை கூடை சுமந்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். பேனாவைப் பிடித்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. உட்கார நாற்காலி கிடைத்ததே பெரிய பாக்கியம் என்றிருந்தது அவளுக்கு.

மணி அடிக்க அரை மணி இருக்கையில் தாளைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தாள். தாராளமாகப் போட்டாலும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. தேற முப்பத்தைந்து வேண்டும். ஐந்து மார்க் கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது.

3x + 2y = 7
6x + 4y = 15
இச்சமன்பாடுகளுக்கு எத்தனை தீர்வுகள் உள்ளன? காரணம் கூறுக.

பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை மாடியில் டுடோரியல் நடத்தும் மணிவண்ணன் இதைப் பத்துத் தடவையாவது போட்டுக் காட்டியிருக்கிறான். மேல்வரியை இரண்டால் பெருக்கு. எல்லாம் கீழ்வரியோடு ஒத்துப்போனால் இரண்டும் ஒரே வரிதான், எண்ணற்ற தீர்வுகள். இடது பக்கம் ஒத்து வலது பக்கம் ஒத்துப்போகாவிட்டால் தீர்வே இல்லை.

பெருக்கினாள். மூன்று ஆறாயிற்று, இரண்டு நான்காயிற்று. ஏழு பதினான்காயிற்று. கீழே பதினைந்து இருந்தது.

பதினான்குக்குப் பதினைந்து சரிதானே? உப்பளத்தில் மேஸ்திரி சக்கரபாணி வரப்பில் நின்று ஆளுக்கு ஆள் தனியாகக் கூடை எண்ணுவார். பதினான்கு எண்ணி முடிந்ததும் பதினைந்தாவது கூடைக்கு வாயைத் திறக்க மாட்டார். அது ஈரக் கூடை. பச்சை உப்பு காய்ந்தால் குறையுமாம், அதற்கு ஈடு. அடுத்ததை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார். கூலி பதினான்குக்குத்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து அங்கே பதினைந்து என்றால் பதினான்கு.

கொஞ்சமும் யோசிக்காமல், கொட்டை எழுத்தில் எழுதினாள்: இரண்டும் ஒன்றே. எண்ணற்ற தீர்வுகள். கீழே கோடு வேறு போட்டாள்.

வாசலில் மணிவண்ணன் காத்திருந்தான். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஆனாலும் அவளுக்கு அவன் சார்தான். மரக்காணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தான்.

"இது எழுதினீங்களாக்கா?"

"அது இல்லாமயா? எண்ணற்ற தீர்வு."

அவன் தாளை மடித்தான். மறுபடி பிரித்தான். ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"சொல்லுங்க சார். பரவால்ல."

"பதினாலு வேற, பதினஞ்சு வேறக்கா. இதுக்குத் தீர்வே கெடையாது."

ஈரக் கூடையைப் பற்றி அவள் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

"பதினாலுன்னு ஒருத்தரு, பதினஞ்சுன்னு ஒருத்தரு. ரெண்டும் ஒண்ணா உண்மையா இருக்க முடியாது. அதான் தீர்வு இல்லன்றோம்."

"காஞ்சா கொறையும் இல்ல சார்?"

"கொறையட்டுமே. ஈர உப்பு தலையில கம்மியாவா கனக்குது? கூடத்தானக்கா கனக்கும்? அதுக்கு நீங்க எதுக்கு ஒரு கூடை சும்மா செமக்கணும்?"

தேர்வு போன துக்கத்தைவிட இதுதான் அவளை அடித்துப் போட்டது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட இது நமக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது. பிரம்மதேசம் தாண்டுகிற வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மணிவண்ணன் கண்டக்டரிடம் இருவருக்கும் டிக்கெட் வாங்கினான்.

முடிவு வந்தது. முப்பத்திரண்டு.

"மறுகூட்டல் போடலாமாக்கா?" என்றான் மணிவண்ணன்.

"கூட்டினவங்க மேல தப்பு இல்லையே சார்," என்றாள் தையல்.

சத்துணவு வேலைக்கு இடையஞ்சாவடிப் பக்கமிருந்து யாரோ ஒரு பெண் வந்துவிட்டாள். பாவம், நல்ல பெண்தான். அவள்மேல் தையலுக்குக் கோபமில்லை. யார்மேலும் கோபப்பட உடம்பில் தெம்பில்லை.

மாசியில் அவளுக்கு நாற்பது நிறைந்த வாரம், அந்த வருஷத்து முதல் உப்பு வாரினார்கள். முன்னால் கூடச் சுமக்கும் கமலாம்பாள், பின்னால் தையல். சக்கரபாணி வரப்பில் நின்று எண்ணினார். தையலுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு. அவளுடைய அடுத்த கூடைக்கு வழக்கம்போல் வேறு பக்கம் பார்த்தார். அவள் அம்பாரத்தில் ஏறவில்லை. கூடையை இறக்கி அவர் காலடியில் வைத்தாள்.

"இன்னா தையலு, மேல கொட்டு. அது ஈரக் கூடை."

"பதினஞ்சுன்னு எண்ணுங்க, கொட்டறேன்."

"புதுசா பேசற! இத்தினி வருஷமா குடுத்தது தானே?"

பின்னால் வந்த பெண்கள் சுமையோடு நின்றுவிட்டார்கள். சண்டைக்காரியின் முகமாக இல்லை தையலின் முகம். தூக்கம் கெட்டவள் முகமாகத்தான் இருந்தது. தலைச் சும்மாட்டுத் துணியை அவிழ்த்து அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தக் கூடைக்கு அஞ்சு மார்க்கும் குடுத்துட்டேன் மேஸ்திரி," என்றாள். "இனிமே குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல."