கட்டிலில் படுத்த அப்பா

மூத்தவள் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஆறு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். கிரேன் ஓட்டும் அப்பாவுக்கு எங்கே பாலம் கட்டுகிறார்களோ அங்கேதான் வேலை. குடும்பமும் மூட்டை முடிச்சோடு பின்னால் போகும். அலைச்சல் அலுத்துப்போய் ஆன்லைன் பள்ளியில் சேர்ந்தாள். நான்கு வருடமாகச் சமையலறை மேசைதான் அவளுக்கு வகுப்பறை.

பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்ததும் அம்மா ஓர் ஆலோசகரைப் பிடித்தாள். அவர் கணினித் திரையில் தோன்றி, மூத்தவள் எழுதிய கட்டுரையில் நாலு வரி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஊர் ஊரா மாறினேன், அதனால ஆன்லைன்ல படிச்சேன்னு எழுதினா யாரும்மா கண்டுக்குவாங்க? படிக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கணும். வீட்ல யாருக்காவது பெரிய வியாதி இருக்கா?"

"இல்லைங்க," என்றாள் அம்மா, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

"அப்போ அப்பாவுக்குப் பக்கவாதம். பொண்ணு கூடவே இருந்து பார்த்துக்கிட்டா, அதான் ஆன்லைன் ஸ்கூல். படுக்கையில இருக்கற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க."

அப்பா கேட்டால் அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று மூத்தவள் நம்பியிருந்தாள். மறுநாள் காலை அவர் சவரம் செய்யாமல் கட்டிலில் படுத்திருந்தார். அம்மா தலைமாட்டில் மாத்திரை அட்டைகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாயை இன்னும் கொஞ்சம் கோணலா வச்சுக்கட்டுமா?" அந்தரத்தில் உட்கார்ந்து இரும்புத் தூணை நூல் பிசகாமல் இறக்கும் மனிதர், கடைவாயில் எச்சில் வழியவிட்டுக் காட்டினார். "பாப்பா, ஸ்பூனை எடுத்துக்க. ஊட்டற மாதிரி நில்லு."

அவள் ஸ்பூனைத் தொடவில்லை.

"எழுந்திருங்கப்பா. அசிங்கமா இருக்கு."

"எல்லாம் உனக்காகத்தானே!"

அதைக் கேட்டதும் இன்னும் அருவருப்பாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, தன் பழைய கட்டுரையையே ஓர் எழுத்தும் மாற்றாமல் பட்டியலில் இருந்த ஐந்து கல்லூரிகளுக்கும் அனுப்பிவிட்டாள்.

அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்கு கல்லூரிகள் கையை விரித்தன. பட்டியலில் கடைசியாக இருந்தது இடம் கொடுத்தது.

சாப்பாட்டு நேரத்தில் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். அப்பா மென்றபடியே தலையாட்டினார்.

"நல்லதுதான். அன்னிக்குக் கொஞ்சம் ஒத்துழைச்சிருந்தா முதல் காலேஜே கிடைச்சிருக்கும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். விடுதி திறக்க இன்னும் ஐம்பது நாள் இருந்தது. அந்த ஐம்பது நாளும் தனியாகவே சாப்பிட்டாள்.