கொட்டாவி வராத விளையாட்டு

இன்னும் கொட்டாவி வரவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் கம்பெனியே திரண்டு நின்றது. முதலாளி குடிக்க மறந்த காபி அவர் கையிலேயே ஆடை கட்டிக்கொண்டிருந்தது. விளம்பரக்காரர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்ததில் சுளுக்கு வந்து, பிடரியைத் தடவிக்கொண்டார். கணக்கு பார்க்கும் அம்மாள் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்திருந்தாள்.

"வரும், வரும். அவசரப்படுத்தினா வருமா?" என்றாள், பிரசவ அறை வாசலில் ஆறுதல் சொல்பவள் மாதிரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சோபா, எதிரே சுவரளவு டி.வி. சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்பெனியின் புது வீடியோ கேமை விளையாடிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் கொட்டாவி. பட்டப்பெயர்தான். ஆனால் சம்பளம் வருவதே அதற்காகத்தான் என்பதால் அவள் கோபித்துக்கொள்வதில்லை.

விஷயம் இதுதான். விளையாட்டுகளில் பிழை கண்டுபிடிக்கத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அப்போது கம்பெனி ஒரு சண்டை விளையாட்டைத் தயாரித்திருந்தது. விமானத்திலிருந்து குதி, துப்பாக்கி பொறுக்கு, கண்ணில் பட்டவனைச் சுடு, கடைசி ஆளாக நில். ஆபீஸ் முழுக்க அதற்கு அடிமை. இவள் மட்டும் சோபாவில் உட்கார்ந்து, கடைவாய்ப் பல் தெரிய ஒரு கொட்டாவி விட்டாள்.

"என்னம்மா, பிடிக்கலையா?" என்றார் முதலாளி.

"எதிர்ல வர்றவன் யாருன்னு தெரியல, எதுக்கு என்னைச் சுடறான்னு தெரியல. உட்கார வச்சு ரெண்டு வார்த்தை பேசினா தீர்ந்துடாதா சார்?"

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த விளையாட்டு தேசம் தேசமாகப் பிய்த்துக்கொண்டு போனது.

அடுத்தது தீவு. மரம் வெட்டு, கல் பொறுக்கு, குடிசை கட்டு, மறுபடி மரம் வெட்டு. "வீட்டுல பாத்திரம் குவிஞ்சு கிடக்கு. இங்கேயும் வந்து விறகு பொறுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு கொட்டாவி விட்டாள். அதுவும் பிய்த்துக்கொண்டு போனது. அதற்கடுத்து, நெருப்புக் கக்கும் ராட்சசப் பல்லி ஒன்று விளையாடுகிறவரை ஒரே வாசலில் திரும்பத் திரும்பக் கொல்லும் விளையாட்டு. அதில் சாவதே பெருமை என்று வெளியே பேசிக்கொண்டார்கள். இவள் பல்லியின் வாய்க்குள் இருக்கும்போதே தூங்கிப்போனாள். விற்பனை கூரையைப் பிய்த்தது.

நடுவில் ஒரே ஒரு விளையாட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு கலங்கரை விளக்கம், ஒரு காவல்காரர், வந்து போகும் கப்பல்கள். அது வெளியான வேகத்தில் கவிழ்ந்தது. அதற்காக அடித்த டி-ஷர்ட்டுகள் இன்றைக்கும் ஆபீஸ் சமையலறையில் மேசை துடைக்கின்றன.

அன்றோடு முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். "ஊருக்குப் பிடிக்கிறது இவளுக்குப் பிடிக்காது. இவளுக்குப் பிடிச்சது ஊருக்குப் பிடிக்காது. இவ கொட்டாவி விட்டா கடைக்கு அனுப்பு. ரசிச்சா அலமாரியில பூட்டு."

அதுதான் சட்டம். அதன்பின் அவள் ரசித்ததெல்லாம் அலமாரிக்குள் போனது. இன்று சோபாவில் அவள் விளையாடிக்கொண்டிருந்தது அவளுடைய நாத்தனார் உருவாக்கிய விளையாட்டு.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீடு, ஒரே ஆபீஸ், ஒரே கார். கார் கண்ணாடியை ஏற்றுவதா இறக்குவதா என்பதில் ஆரம்பித்து இருவருக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. காலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே நாத்தனார் சொன்னாள்:

"அண்ணி, இன்னைக்கு ஒரே ஒரு உதவி. என் விளையாட்டை வழக்கம்போல வெறுத்துடுங்க."

"இதுக்கெல்லாம் சிபாரிசு வேணுமா? நீ செஞ்சது எது எனக்குப் பிடிச்சிருக்கு? போன வாரம் நீ வாங்கி மாட்டின திரைச்சீலையைப் பார்த்தாலே தலை வலிக்குது."

"அப்பாடா. இப்பதான் நிம்மதியா இருக்கு."

சிக்னலில் வண்டி நின்றது. நாத்தனாரின் குரல் இறங்கியது. "ரெண்டு வருஷ உழைப்பு அண்ணி. இது அலமாரிக்குள்ள போச்சுன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடுவேன். அண்ணன்கிட்டகூடச் சொல்லல."

கொட்டாவி கார் கண்ணாடியை, நாத்தனாருக்குப் பிடித்த மாதிரி, கொஞ்சம் இறக்கிவிட்டாள்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் சோபாவில் உட்கார்ந்தாள். வெறுக்க வேண்டும். நன்றாக, மனதார வெறுக்க வேண்டும்.

திரையில் ஒரு பஸ் நிலையம் வந்தது. அதன் மூலையில், தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் ஒரு கவுண்டர். விளையாடுகிறவர்தான் அங்கே உத்தியோகம். ஒவ்வொருவராக வருவார்கள். பேச்சுக் கொடுத்து, யாருடைய பொருள் எது என்று கண்டுபிடித்துத் திருப்பித் தர வேண்டும். துப்பாக்கி இல்லை. மதிப்பெண் இல்லை. யாரும் சாகவில்லை.

முதலில் வந்த ஆள் ஒற்றைச் செருப்பைத் தேடினான். இன்னொன்று எங்கே என்று கேட்டால் முழித்தான். அடுத்து ஒரு பெண்மணி, தொலைத்தது என்ன என்று சொல்ல வெட்கப்பட்டாள். மூன்றாவது ஒரு பெரியவர். வாயைத் திறக்காமல் சைகையிலேயே பேசினார். பல் செட்டைத் தொலைத்துவிட்டாராம். மத்தியானம் பேத்தி கல்யாணமாம், போட்டோவுக்குச் சிரிக்க வேண்டுமாம்.

கொட்டாவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அலமாரியில் மூன்று பல் செட்டுகள் இருந்தன. இதில் பெரியவருடையது எது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நாத்தனார் தூணோரம் நின்று துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொட்டாவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயையோ, இது நல்லா இருக்கே.

பாவி மகளே. திரைச்சீலை வாங்கத் தெரியாதவளுக்கு இதைச் செய்ய எப்படித் தெரிந்தது?

இனி யோசித்துப் பயனில்லை. வாயை அகலத் திறந்தாள். கையை மேலே தூக்காமல், கண்ணைச் சுருக்கி, "ஆஆவ்" என்று ஒரு கொட்டாவியை வரவழைத்தாள்.

வெளியே கைதட்டல் கேட்டது. கணக்கம்மாள் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். முதலாளி ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

விளம்பரக்காரர் மட்டும் தட்டவில்லை. "சார், ஒரு நிமிஷம். அவ கொட்டாவி வந்தா என்ன செய்வா?"

"விடுவா. வேறென்ன?"

"விளையாட்டை நிறுத்துவா சார். கன்ட்ரோலரைக் கீழே போடுவா. டீ கேப்பா. இப்ப பாருங்க. வாய்தான் கொட்டாவி விட்டுது. விரல் பொத்தானை விட்டு அசையல."

முதலாளி பார்த்தார். காலிக் கோப்பையை விளம்பரக்காரர் கையில் திணித்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள்.

"எப்படிம்மா இருக்கு?"

"படு மோசம் சார்," என்றாள் கொட்டாவி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "உப்புச் சப்பே இல்ல. கண்ணைச் சொருகுது."

"அவ்வளவு மோசமா?"

"கேக்காதீங்க சார். அண்ணி நாத்தனார்னுகூடப் பார்க்காம சொல்றேன். சகிக்கல."

"நல்லது. அப்ப எதுக்குக் கஷ்டப்படறே? அணைச்சுடலாம்." முதலாளி டி.வி. பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

"இருங்க சார், இருங்க. பெரியவருக்குப் பல் செட்டைக் கொடுத்துட்டு வந்துடறேன். கல்யாணத்துக்கு நேரமாச்சு."

முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. கொட்டாவி மெதுவாகத் திரும்பினாள். திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பரவாயில்ல அண்ணி," என்றாள் மெல்ல. "உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு எனக்குத் தெரியும். மேசையைக் காலி பண்றேன்."

"அலமாரி," என்றார் முதலாளி. சொல்லும்போது அவருக்கும் சந்தோஷமில்லை. "சட்டம் சட்டம்தான்மா."

கொட்டாவி எழுந்து, வாசலை நோக்கி நகர்ந்த நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். எனக்குப் பிடிச்சது ஓடாதுன்னு எதை வச்சு சொல்றீங்க?"

"கலங்கரை விளக்கம் கவிழ்ந்ததே."

"சரி. அதுக்கப்புறம் நான் நல்லா இருக்குன்னு சொன்னதுல ஒண்ணையாவது கடைக்கு அனுப்பினீங்களா?"

"எப்படி அனுப்புவேன்? நீதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டியே."

"அலமாரியில பூட்டி வச்சது எப்படி சார் ஓடும்? குதிரையை லாயத்துல கட்டிப் போட்டுட்டு ஜெயிக்கலைன்னா என்ன நியாயம்?"

விளம்பரக்காரர் இடையில் புகுந்தார். "ஊரோட ஒத்து வாழணும்மா. உலகத்துக்கே பிடிச்ச விளையாட்டு எல்லாம் உனக்கு மட்டும்தான் பிடிக்கல. ஒருத்திக்காகக் கடை திறக்க முடியுமா?"

"நான் ஒருத்திதானா?" கொட்டாவி சுற்றிலும் பார்த்தாள். "மனசைத் தொட்டுச் சொல்லுங்க. நம்ம சண்டை விளையாட்டு, தீவு, அந்தப் பல்லி, இதெல்லாம் நிஜமா பிடிக்காதவங்க யாராவது இங்கே இருந்தா கையைத் தூக்குங்க. சார் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

யாரும் அசையவில்லை. கேம் கம்பெனியில் கேம் பிடிக்கவில்லை என்பது, துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு துணியே பிடிக்காது என்பது மாதிரி.

கணக்கம்மாள் கையைத் தூக்கினாள். "எனக்கு அந்தத் தீவுல தலை சுத்துது. நான் அதை விளையாடினதா சொன்னது எல்லாம் பொய்."

"நீங்களா? தீவுல உங்க வீடு மூணு மாடின்னு சொன்னீங்களே," என்றார் முதலாளி.

"அது என் மருமகன் கட்டினது சார்."

பின்னாலிருந்து, விளையாட்டுகளுக்கு இசை போடுகிறவரின் கை எழுந்தது. பல்லியின் உறுமலை அவரே தொண்டை கிழியப் பதிவு செய்தவர். "கேட்டுக் கேட்டு எனக்கே கனவுல வருது," என்றார். தரை துடைக்கும் அம்மாள் துடைப்பத்தையே தூக்கினாள். படம் வரைகிறவர்களில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒன்றாகத் தூக்கினார்கள்.

கடைசியில் விளம்பரக்காரரின் கை, கழுத்துச் சுளுக்கைத் தடவுவது போலப் போய், அப்படியே மேலே ஏறியது.

"யோவ்," என்றார் முதலாளி. "'ஒரு முறை தொட்டால் விட மாட்டீர்கள்'னு எழுதினது நீதானேய்யா?"

"தொடாம எழுதினது சார். தொட்டிருந்தா எழுத வந்திருக்காது."

நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி சிரிக்கவில்லை. எழும்பி நின்ற கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சண்டை விளையாட்டில் தினமும் விமானத்திலிருந்து குதிக்கிற ஆள் அவர். உண்மையாகவே ரசிக்கிறவர். அதனால் அதிர்ச்சியும் உண்மையாகவே இருந்தது. ஆனால் ரசிகருக்குள்ளே ஒரு வியாபாரியும் குடியிருந்தார். அந்த வியாபாரி மெல்ல விழித்துக்கொண்டார்.

"என் சம்பளத்தை வாங்கிக்கிட்டே இத்தனை பேர் ஒளிஞ்சிருக்கீங்கன்னா," என்றார் தாடையைச் சொறிந்தபடி, "சம்பளம் வாங்காம வெளியே எத்தனை பேர் ஒளிஞ்சிருப்பாங்க?"

பதிலுக்குக் காத்திராமல் விளம்பரக்காரர் பக்கம் திரும்பினார்.

"யோவ் விளம்பரம். இதுக்கு ஒரு வரி எழுது. இந்தத் தடவை விளையாடிட்டு எழுது." நாத்தனார் பக்கம் திரும்பினார். "மேசையைக் காலி பண்ணாதேம்மா. கடைக்கு அனுப்பறோம்."

விளம்பரக்காரர் சோபாவில் உட்கார்ந்தார். சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டபோது, "ஒற்றைச் செருப்புக்காரன் பொய் சொல்றான், விட மாட்டேன்," என்று மட்டும் பதில் வந்தது. சாயங்காலம் வரியும் வந்தது: 'எல்லோருக்கும் பிடித்தது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? இங்கே வாருங்கள்.'

வெளியான முதல் வாரம் வசவுதான். சுடவே முடியவில்லையே, இது ஒரு விளையாட்டா என்று சண்டை விளையாட்டு ரசிகர்கள் கிழித்தார்கள். நாத்தனார் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது வாரம் சந்து பொந்துகளிலிருந்து ஆட்கள் கிளம்பி வந்தார்கள். நர்சுகள், லாரி ஓட்டுகிறவர்கள், ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார்கள், இதுவரை கேம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள். பிய்த்துக்கொண்டு போகவில்லை. ஆனால் குழாயில் நூலாக ஒழுகும் தண்ணீர் மாதிரி நிற்காமல் வந்துகொண்டே இருந்தது விற்பனை. நாத்தனாருக்குத் தனிக் குழு கிடைத்தது.

ஒரு காலை, கார் சிக்னலில் நின்றது. கொட்டாவி கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"ஏன்டி, நேத்து கவுண்டருக்கு ஒரு கிளிக்கூண்டு வந்துச்சே. கதவு திறந்து கிடக்கு, உள்ளே கிளி இல்ல. அது யாரோடது?"

"விளையாடிக் கண்டுபிடிங்க அண்ணி."

"கூடப் பொறந்த அண்ணன் பொண்டாட்டிடி நான்."

"அதுக்காக?"

"ஒரே ஒரு துப்பு. ஆம்பளையா பொம்பளையா?"

நாத்தனார் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பச்சை விளக்குக்காகக் காத்திருந்தாள். "சரி, அந்தத் திரைச்சீலை நல்லா இருக்குன்னு சொல்லுங்க. சொல்றேன்."

கொட்டாவி நெடுநேரம் யோசித்தாள். பின்னாலிருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"வேண்டாம் போ," என்றாள். "நானே கண்டுபிடிச்சுக்கறேன்."