ஆடியில் கொடுத்த சாவி

புவனேஸ்வரனைக் கேட்டால் தன்னை "இன்வெஸ்டர்" என்றுதான் சொல்லிக்கொள்வார். மொத்த முதலீடும் ஜெலுத்தோங்கில் எட்டாம் மாடியில் இருந்த ஒரே ஒரு வீடு. அதிலும் குளியலறை அளவுக்குத்தான் அவருடையது, மீதி பேங்குக்குச் சொந்தம். முகம் மழிக்கும்போது இதைத் தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார். வெளியில் மூச்சு விடமாட்டார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருக்கும் மனிதர், சொத்து முதலீட்டு செமினாரில் இலவசமாகக் கொடுத்த சாவிக்கொத்தை இடுப்பில் ஆட்டிக்கொண்டு நடக்கக்கூடாதா என்ன?

அந்த வீடு மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. பார்க்க வந்த ஒருவர் பால்கனியில் கோழி வளர்க்கலாமா என்று கேட்டார். இன்னொருவர் ஏர்கோன் சர்வீஸ் யார் செலவு என்று ஆரம்பித்து, பல்பு மாற்றுவது யார் செலவு என்பதுவரை வந்து, அப்புறம் காணாமல் போனார். கடைசியில் வந்தவள் நவோமி. நிபோங் திபாலைச் சேர்ந்தவள், ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வீட்டைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "இந்த வாரமே வந்துடலாமா அங்கிள்?" என்றாள்.

அதுதான் சிக்கல். அப்போது ஆடி மாதம்.

"ஆடியில யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா? பால் காய்ச்சாம அடுத்தவங்கள எப்படிக் குடி வைக்கிறது?" என்றாள் மனைவி நவமணி.

"பேங்குக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது லா" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார் புவனேஸ்வரன்.

ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். செமினாரில் கொடுத்த மாதிரி ஒப்பந்தத்தை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு, கோர்ட்டில் வாதாடுகிறவர் மாதிரி குரலை உயர்த்தி வாசித்தார். முன்கூட்டியே தெரிவித்து, குடியிருப்பவர் சம்மதித்தால் ஒழிய வீட்டுக்காரர் உள்ளே நுழையக்கூடாது என்று ஒரு விதி. அதை மட்டும் நவோமி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். தன் இங்கிலீஷ் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, புவனேஸ்வரன் இன்னும் கொஞ்சம் கம்பீரமாகப் படித்தார்.

அந்த ஆடி முழுக்க எது நடந்தாலும் நவமணிக்குக் காரணம் ஒன்றுதான். ஜுரு பக்கம் போனபோது கார் பம்பர் உரசியதற்கும் காய்ச்சாத பால்தான் காரணம், அவளுடைய பல்வலிக்கும் அதேதான். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து வைத்துவிட்டாள். புவனேஸ்வரன் நவோமிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டினார். பிறகு அழித்துவிட்டார். நம் வீட்டுக்குள் போக நாமே பெர்மிஷன் கேட்பதா? செமினாரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தவிர, காலையில் அந்தப் பெண் வேலைக்குப் போயிருப்பாள். போனோமா, காய்ச்சினோமா, துடைத்துவிட்டு வந்தோமா என்று முடித்துவிடலாம்.

கீழே காவலுக்கு இருந்த கமால் பாய், தமிழ் புழங்கும் சூலியா தெருவில் பிறந்து வளர்ந்தவர், "என்ன அண்ணே, பானையும் கையுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார்.

தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் கதவைத் திறந்ததும் புவனேஸ்வரன் பார்த்தது ஹாலில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைத்தான். அதில் பார்க்கக்கூடாததும் இருந்தது. சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதே வந்த வழியே போயிருக்கலாம். ஆனால் நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நவமணி புதுப் பித்தளைப் பானைக்கு மஞ்சள் பூசி அடுப்பில் வைத்தாள். அடுப்பு கீக் கீக் என்று கத்தியது. அது இண்டக்ஷன் அடுப்பு. பித்தளையை அது பாத்திரமாகவே மதிக்கவில்லை.

"அவ பாத்திரத்துல ஒண்ண எடுங்க" என்றாள் நவமணி.

"அதுல என்னென்ன ஆக்குனாளோ?"

"பால் கேக்கவா போவுது? எடுங்க சீக்கிரம்!"

புவனேஸ்வரன் அடுத்தவர் அலமாரியைத் திறந்து, மூடிகளைக் கவிழ்த்து, ஒரு சட்டியைக் கண்டுபிடித்தார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நவமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவருக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது.

அப்போதுதான் படுக்கையறைக்குள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தரையைக் கீறிக்கொண்டு வந்து, கதவில் டொக்கென்று முட்டி நின்றது.

"யாரு அங்க? கீழ இருக்கற கார்ட கூப்பிட்டுட்டேன்! வந்துட்டு இருக்காரு!" நவோமியின் குரல் கீச்சிட்டு உடைந்தது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு உள்ளே படுத்திருந்தாள்.

"நான்தாம்மா, புவனேஸ்வரன். நம்ம வீடுதானேன்னு, சும்மா பால் காய்ச்ச..."

சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது. கதவு திறக்கவில்லை. கமால் பாய் தடியோடு ஓடி வந்து, கையில் பால் சட்டியோடு நின்ற திருடனைப் பார்த்துவிட்டுத் திகைத்துப் போனார். பாயின் குரலைக் கேட்ட பிறகுதான் நாற்காலி நகர்ந்தது.

நவோமி வெளியே வந்தாள். கைபேசியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"பழைய வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு சாவி இருந்துச்சு அங்கிள். பைப் பாக்கணும், லைட்டு பாக்கணும்னு வருவாரு. ஒரு நாள் நான் குளிச்சிட்டு வர்றேன், ஹால்ல உக்காந்திருக்காரு. என் வீடுதானேன்னு அவரும் சொன்னாரு. நீங்க அன்னிக்கு அந்த ரூல படிச்சீங்கல்ல? அதுக்காகத்தான் நான் இங்க வந்தேன்."

புவனேஸ்வரனுக்குத் தலையிலிருந்து கால்வரை வெட்கம் பிடுங்கியது. அந்த விதியைக் கம்பீரமாகப் படிக்கத் தெரிந்தவருக்கு அர்த்தம் மட்டும் தெரியாமல் போயிற்று.

"போலீசுக்குப் போன் போடவா தங்கச்சி?" என்று கமால் பாய் அவளைத்தான் கேட்டார். வீட்டுச் சொந்தக்காரரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் நியாயம் என்று புவனேஸ்வரனுக்கும் பட்டது.

சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்தார். வளையம் லேசில் விடவில்லை, நகம் உடைந்தது. அந்த வீட்டுச் சாவியைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"தப்பு என்னோடதும்மா. பூட்ட மாத்திடு. நீயே ஆளக் கூப்பிடு, செலவு என்னது. புது சாவி எனக்கு வேணாம். போலீஸ்ல சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். வீட்ட காலி பண்றதுன்னாலும் டெபாசிட்ட முழுசா தந்துடறேன்."

நவோமி சாவியை எடுத்துக்கொண்டாள். "போலீஸ் வேணாம் பாய்" என்றாள். "இவங்க போகட்டும்."

நவமணி ஒரு டம்ளரில் பாலை ஊற்றி நீட்டினாள். நவோமி வாங்கவில்லை. மீதிப் பாலைப் பித்தளைப் பானையில் ஊற்றிக்கொண்டு இருவரும் லிஃப்டில் இறங்கினார்கள்.

நவோமி காலி செய்யவில்லை. பூட்டு மாற்றிய பில் வந்தது, அன்றே பணம் அனுப்பினார். புரட்டாசியில் அவளிடமிருந்து ஒரு செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, சனிக்கிழமை காலை வர முடியுமா? உடனே "வர்றேம்மா" என்று பதில் போட்டார். பிறகு குழாய்க்காரரையும் கூட்டிக்கொண்டு போய், தான் தவணை கட்டிக்கொண்டிருக்கும் கதவின் முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மணியை அடித்தார்.

"யாரு?"

"புவனேஸ்வரன்மா. குழாய்க்காரரும் வந்திருக்காரு. வரலாமா?"

"ஒரு நிமிஷம் அங்கிள்."

பூட்டு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அதற்கு முன்னால் வேறொரு சத்தம் கேட்டது. கதவில் சாத்தி வைத்திருந்த நாற்காலியை அவள் தரையைக் கீறிக்கொண்டு இழுத்தாள். பூட்டைத்தான் மாற்றியாயிற்றே என்று குழாய்க்காரரிடம் சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவள் "வாங்க" என்று சொல்லும்வரை நின்றார்.