இரண்டு சக்கரம் கைவிட்ட மேடு

நாலு சக்கரமும் சேர்ந்து உந்துகிற காரில் நீங்கள் ஏறியிருக்கிறீர்களா, கண்ணுகளா? சாதாரணக் காரில் இரண்டு சக்கரம்தான் பாடுபடும். மற்ற இரண்டும் விருந்தாளி மாதிரி சும்மா கூட உருண்டு வரும். இந்த வண்டியில் அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. ஒரு சக்கரம் வழுக்கினால் இன்னொன்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆல்-வீல் டிரைவ் என்பார்கள்.

அப்படி ஒரு கார் மாட்டு டாக்டர் ஒருத்தியிடம் இருந்தது. மழையானாலும் சேறானாலும் பண்ணை பண்ணையாகப் போய்க் கன்றை வெளியே எடுக்கிற கை அவளுக்கு. அவள் தம்பி சலூன்காரன். அவசரக்காரன், கத்தரியைவிட நாக்குதான் அவனுக்கு அதிகம் ஓடும். அக்கா என்றால் உயிர்.

இவர்களுடைய அப்பா குன்றின் உச்சியில் தனியாக இருந்தார். நுரையீரல் நொந்துபோனவர், மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு மூச்சு. "கீழே வாங்கப்பா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இருவருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்று மதியம் இடி விழுந்து மேலே கரண்ட் போய்விட்டது. அப்பாவின் பக்கத்துவீட்டுக்காரி போன் செய்தாள்.

"டாக்டரம்மா, அப்பாவுக்கு மாத்து ஆக்சிஜன் சிலிண்டரைத்தான் வச்சிருக்கேன். அதோட அளவு முள்ளு சிவப்புக்கு வந்துட்டுது. ஆம்புலன்சு களிமண்ணுல ஏற மாட்டாம அடிவாரத்துலயே நிக்குதாம்."

அக்கா, அப்பாவுக்கென்று நிரப்பி வைத்திருந்த இன்னொரு சிலிண்டரைப் பின்னால் போட்டாள். தம்பி சலூனில் இடுப்பில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்காமல் முன்னால் ஏறினான்.

குன்றுக்குப் போகும் முன் பாதை ஒரு பள்ளத்தில் இறங்கும். அக்கா ஆமை மாதிரி இறக்கினாள்.

"என்னக்கா இது? நாலு சக்கர வண்டியை வச்சிக்கிட்டு நத்தை மாதிரி ஓட்டுறே! மிதி!"

"இழுக்கிறதுக்குத்தான்டா இது ஒசத்தி. பிரேக்கு எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்துலதான். இறக்கத்துல வழுக்கினா இதுவும் மத்த கார் மாதிரிதான் போய் விழும். கனம் வேற ஜாஸ்தி, நிக்கிறதுக்கு இன்னும் கஷ்டம்."

"பெட்ரோலும் ஜாஸ்தி."

"நீ பேசுறதைவிடக் கம்மிதான். வாயை மூடு."

பள்ளம் தாண்டி மேடு வந்தது. அப்புறம் பார்க்கவேண்டுமே! மழையில் ஊறிய களிமண், எண்ணெய் தடவிய தட்டு மாதிரி மின்னுகிறது. மனிதன் நின்றால் கால் தானாகக் கீழே வரும். அதில் இந்த வண்டி கத்தாமல் குதிக்காமல், நாலு கையாலும் குன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தவழ்கிறது. ஒரு பக்கம் நழுவும். உடனே மறுபக்கம் தாங்கும். எத்தனையோ தடவை ஏறியவள்தான், ஆனாலும் அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தம்பிக்கு வாய் திறந்தபடியே நின்றது.

பாதி மேட்டில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கருகின வாடை வந்தது. அடுத்த நொடி முன்சக்கரங்கள் மட்டும் விர்ரென்று சுற்றின. பின்சக்கரங்கள் செத்துக் கிடந்தன.

"என்னாச்சு?"

"பின்னாலே போற பலம் நின்னுபோச்சு. முன்னாலயும் பின்னாலயும் சேர்க்கிற பாகம் சூடேறிடுச்சு. கெட்டுப்போகாம இருக்கத் தானே விட்டுக்கொடுத்துடுச்சு. இவ்வளவு சீக்கிரம் சூடேறக்கூடாதே..." சட்டென்று திரும்பினாள். "காலையில பஞ்சர் ஒட்டக் கொடுத்தேனே, என்ன பண்ணினே?"

தம்பியின் முகம் மலர்ந்தது. "ஒட்டலைக்கா. கடையிலேயே நல்ல டயரா, புத்தம்புதுசா ஒண்ணு மாட்டச் சொல்லிட்டேன். என் காசு. உனக்குச் சொல்லாம வச்சிருந்தேன்."

"ஒண்ணு மட்டுமா?"

"மத்ததெல்லாம் ஓடுற நிலையிலதானே இருக்கு?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒருத்தனுக்கு ஒரு பக்கம் மட்டும் முடி வெட்டி அனுப்புவியாடா நீ? தேஞ்ச டயர் சின்னது, புதுசு பெரிசு. ஒண்ணு வேகமாச் சுத்தும், ஒண்ணு மெதுவாச் சுத்தும். வழுக்குதுன்னு நினைச்சு அந்தப் பாகம் ஓயாம மல்லுக்கட்டும். காலையிலேருந்து வெந்துக்கிட்டே வந்திருக்கு. இந்த மேடு வந்ததும் தாங்கலை."

தம்பியின் மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "உனக்கு நல்லது பண்ணலாம்னுதானேக்கா..."

"தெரியும்டா. அழாதே இப்ப."

போன் மறுபடி அடித்தது. "முள்ளு அடியில ஒட்டிக்கிச்சு, டாக்டரம்மா. உதடு நீலமா ஆகுது."

ஆறட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறேன் என்று இறங்கிய தம்பி, இரண்டாவது அடியிலேயே மண்ணில் முழங்கால் பதித்தான்.

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மேட்டையே பார்த்தாள். பிறகு வண்டியை மெல்லப் பின்னுக்கு இறங்கவிட்டாள். கீழே வளைவில் கொஞ்சம் அகலம் இருந்தது. அங்கே முன்னும் பின்னுமாக ஒடித்து ஒடித்து, வண்டியின் முகத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிட்டாள்.

தம்பி சேற்றோடு ஓடிவந்து கண்ணாடியில் அறைந்தான். "அப்பாவை விட்டுட்டுக் கீழே போறியா? நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

"யாருடா கீழே போறது? இப்ப வண்டியை இழுக்கிறது முன்சக்கரம் ரெண்டும்தான். மேடுன்னா பாரமெல்லாம் கீழ்ப்பக்கம் சாயும். முன்சக்கரம் மேலே இருந்தா கனமில்லாமக் காத்துல சுத்துற மாதிரி சுத்துது. அதையே கீழ்ப்பக்கம் வச்சா? இஞ்சினும் அது தலைமேலதான் உட்கார்ந்திருக்கு. அழுத்திப் பிடிக்கும்."

"ரிவர்ஸ்லயா ஏறப்போறே?"

"சிலிண்டரை எடுத்து முன்சீட்டுல கட்டு. அந்தக் கனமும் அங்கேயே இருக்கட்டும். நீ ஓரத்துப் புல்லைப் பிடிச்சிக்கிட்டு மேலே போய் வழி சொல்லு."

குழந்தையை உட்காரவைக்கிற மாதிரி சிலிண்டருக்கு பெல்ட் போட்டான் தம்பி. அக்கா ரிவர்ஸ் போட்டு, கால் நுனியால் மட்டும் மிதித்தாள்.

கண்ணுகளா, சற்று முன் காற்றைக் கிழித்த அதே சக்கரங்கள்தான். களிமண்ணுக்குள் பல்லைப் பதித்தன. பதித்த பல்லை எடுத்து அடுத்த கடி. வண்டி பின்புறமாக, ஒரு முழம், இன்னொரு முழம் என்று குன்றின்மேல் போயிற்று. நாலாக இருந்தபோது அது பலம். இரண்டாகக் குறைந்தபின்னும் ஏறியதே, அதை என்னவென்று சொல்ல? தம்பி புல்லைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே தவழ்ந்து கத்தினான்.

"இடது! இடதுக்கா! உன் இடது இல்லை, என் இடது! அப்படியே வா, ராசாத்தி! வா, வா, வா!"

கடைசித் திருப்பத்தில் வண்டி ஒருமுறை பக்கவாட்டில் சறுக்கியது. அக்கா மிதியை விட்டாள். நின்றது. மூச்சு விடாமல் மறுபடி நுனிக்கால். பிடித்துக்கொண்டது.

வாசலில் பக்கத்துவீட்டுக்காரி கிழவரை நாற்காலியில் சாய்த்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அக்கா குழாயை மாட்டிச் சிலிண்டரைத் திறந்தாள். ஸ்ஸ் என்ற சத்தம் மட்டும் கேட்டது. தம்பி அப்பாவின் காலடியில் சேற்றோடு உட்கார்ந்தான்.

நீலம் முதலில் உதட்டோரத்தில் கலைந்தது. பிறகு கீழுதட்டில். மெல்ல மெல்ல, வெளுத்த துணியில் சாயம் ஊறுகிற மாதிரி, சிவப்பு திரும்பி வந்தது. எத்தனையோ கன்றுகளின் முதல் மூச்சைப் பார்த்தவள், அன்று அப்பாவின் முகத்தைப் பார்த்து வாயில் கைவைத்து நின்றாள்.

கிழவர் கண்ணைத் திறந்தார். வாசலில் நின்ற வண்டியை வெகுநேரம் பார்த்தார்.

"யாருடா அது," என்றார் மெல்லிய குரலில், "பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வர்றது?"

தம்பி சிரிக்க வாயெடுத்தான். அழுகைதான் வந்தது. அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தான். உள்ளே மூச்சு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. "அக்கா, நீயும் கேளு" என்று கையைப் பிடித்து இழுத்தான். அவளும் குனிந்து மறுபக்கத்தில் காதை வைத்தாள்.