எழும்பாத ஆக்சிலேட்டர்

மருந்துக்கடைக்காரரின் வீட்டுக் கார் ஷெட்டுக்குத் தெருவிலிருந்து கொஞ்சம் செங்குத்தான ஏற்றம் உண்டு. முதல் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால்தான் அந்தப் பழைய வண்டி மேலே வரும். வந்ததும் பாதத்தை எடுத்து பிரேக்கில் வைத்துவிட வேண்டும். வருடக்கணக்கில் யோசிக்காமல் செய்துவந்த வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் செய்தார். ஆனால் பாதத்தை எடுத்த பிறகும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. வண்டி நிற்பதாக இல்லை. உள்ளே அவர் மனைவி வண்டிக்கு வழிவிடுவதற்காகப் பழைய நாற்காலி ஒன்றை ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பியவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பக்கக் கண்ணாடி அவள் சேலை நுனியைக் கிழித்துக்கொண்டு போக, வண்டி பின்சுவரில் மோதி அணைந்தது.

அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று முழுக்க அவள் பேசவில்லை. பேசாமல் இருக்கத் தெரியாதவள் அவள். அதுவே அவரை அதிகம் பயமுறுத்தியது.

மெக்கானிக் வந்து பார்த்தார். ஆக்சிலேட்டரைக் கையால் லேசாக அழுத்தினார். விட்டதும் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, முன் விளக்கும் பம்பரும் மாற்ற வேண்டும், மற்றபடி வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். ஆக்சிலேட்டர் கீழேயே நின்றுவிட்டது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதை அவர் மறுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். குழந்தை கதை சொன்னால் பெரியவர்கள் ஆட்டுவார்களே, அந்த மாதிரி.

அன்று மாலை மகள் வந்தாள். பக்கத்து ஊரில் தொலைபேசி அலுவலகத்தில் வேலை. அதட்டிப் பேசத் தெரியாத பெண். அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, பெரியப்பாவைப் பற்றி எதுவும் சொல்லாமல், பெரியப்பாவைப் பற்றியே பேசினாள். வயது ஆனால் யாருக்கும் கால் தடுமாறும், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாள். மருந்துக்கடைக்காரரின் அண்ணன் கடைசிக் காலத்தில் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் தன் வீட்டுக்கு வழி கேட்டவர். அதுவும் முதலில் சின்னச் சின்ன தடுமாற்றமாகத்தான் ஆரம்பித்தது.

"நான் பிரேக்கத்தான்மா மிதிச்சேன்" என்றார் அவர்.

"சரிப்பா" என்றாள் மகள். மறுபேச்சு பேசாமல் கார் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த 'சரிப்பா' அவர் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. இரண்டு நாள் அவளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளிலிருந்து தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். அன்று பாதம் எங்கே இருந்தது? பிரேக்கில்தான் என்று மனம் சத்தியம் செய்தது. ஆனால் அண்ணனும் சத்தியம் செய்துகொண்டுதானே இருந்தார்?

பயம் கடைக்கும் கூடவே வந்தது. மாத்திரை அட்டையை எடுப்பார், சீட்டைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார், வாங்க வந்தவரிடம் கொடுத்த பிறகும் கூப்பிட்டுத் திரும்ப வாங்கிப் பார்ப்பார். கால் பொய் சொல்லும் என்றால் கை சொல்லாதா? சர்க்கரைக்குக் கொடுப்பதற்குப் பதில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துவிட்டால்? ஒரு கிழவர் சலித்துப்போய், தலைவலி மாத்திரைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா, வீட்டுக்குப் போவதற்குள் தலைவலியே போய்விடும் என்று கேலி செய்தார். மருந்துக்கடைக்காரரால் சிரிக்க முடியவில்லை. தூக்கம் வராமல் படுத்தபடியே அண்ணன் பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் நினைவில் இருந்தன. அதனாலும் பயம் போகவில்லை.

அதன் பிறகு மனைவியின் கண் பரிசோதனைக்கு நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. காரை மகள்தான் ஓட்டினாள். மனைவியை மருத்துவமனையில் விட்டுவிட்டு, அவள் அங்கே மாலை வரை காத்திருக்க வேண்டும் என்றதால், மருந்து மொத்தக் கடைக்குப் போய்வரலாம் என்று அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். சாலை ஒரு மேட்டில் ஏறி, மறுபக்கம் நீண்ட இறக்கமாக ரயில்வே கேட் வரை போகும். மேட்டில் ஒரு மணல் லாரி முக்கி முனகிக்கொண்டு ஏறியது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை என்று பார்த்து, மகள் ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தி லாரியைத் தாண்டினாள்.

தாண்டிய பிறகும் வேகம் குறையவில்லை.

முதலில் அவர் கவனிக்கவில்லை. இன்ஜினின் குரல்தான் அவரை நிமிர வைத்தது. அதே உறுமல். இறக்கம் தொடங்கிவிட்டது. கீழே கேட் மூடியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பள்ளி வேன், இரண்டு மூன்று பைக், ஒரு தள்ளுவண்டி என்று வரிசை நின்றது. மகளின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டாள். ஒவ்வொரு மிதிக்கும் பிரேக் இன்னும் கல்லாக இறுகியது.

அவர் குனிந்து அவள் கால்களைப் பார்த்தார்.

அவள் வலது பாதம் பிரேக்கின் மேல் இருந்தது. பக்கத்தில், யாரும் மிதிக்காமலேயே, ஆக்சிலேட்டர் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

அந்த நொடியில் அவருக்கு வந்தது பயம் இல்லை. சந்தோஷம். நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்தது போல அவர் உடம்பு முழுக்க லேசானது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருக்க, கீழே வேனின் பின்கண்ணாடியில் சின்னச் சின்ன தலைகள் தெரிய, அவர் மனதுக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: நான் இல்லை. என் கால் இல்லை.

அடுத்த நொடியில் பயம் மொத்தமாக வந்து அவர் மேல் இடிந்து விழுந்தது. மகளின் கை சாவியை நோக்கிப் போவதைக் கண்டார். பதற்றத்தில் அதைத் திருப்பி உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"சாவியத் தொடாத. கிளட்ச்ச மிதி."

அவள் மிதித்தாள். அவர் கியர் தடியைப் பிடித்து நியூட்ரலுக்கு இழுத்தார். சுமை விடுபட்ட இன்ஜின் காது கிழிய ஊளையிட்டது. ஆனால் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடிய சக்தி விட்டுப்போனது.

"பிரேக்க விட்டு விட்டு மிதிக்காத. ஒரே மிதியா அழுத்திப் பிடி."

"இறங்க மாட்டேங்குதுப்பா."

"இறங்கும். எழுந்து நிக்கிற மாதிரி மிதி."

அவள் இருக்கையிலிருந்து எழும்புகிற அளவுக்கு மிதித்தாள். அவர் கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தார். வேன் பெரிதாகிக்கொண்டே வந்தது. தள்ளுவண்டிக்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடினார். மகள் இடது பக்கம் மண் தரையில் சக்கரத்தை இறக்கினாள். கற்கள் அடியில் தடதடவென்று அடித்தன, வண்டி ஆடியது, சறுக்கியது, வேனுக்குப் பக்கவாட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. ஜன்னல் வழியாக ஒரு சிறுமி, வாயில் விரலோடு, அவர்களைப் பார்த்தாள்.

இன்ஜின் இன்னும் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. இப்போது அவரே சாவியைத் திருப்பி அணைத்தார்.

மகளின் கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அவர்தான் பிரித்தெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, "நான் பிரேக்கத்தான்ப்பா மிதிச்சேன்" என்றாள். சொல்லி முடித்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"தெரியும்மா" என்றார் அவர்.

கயிறு கட்டி வண்டியை, நகரத்துக்கு வரும் வழியில் இருந்த அதே மெக்கானிக்கின் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். பானட்டைத் திறந்து ஆக்சிலேட்டர் கேபிளை உருவி எடுத்த மெக்கானிக், அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறைக்குள் கம்பியின் ஓர் இழை அறுந்து, மீன் முள் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது. லேசாக மிதித்தால் ஒன்றும் ஆகாது. ஆழமாக மிதித்தால் அந்த முள் உறையின் வாயில் மாட்டிக்கொள்ளும். சுவரில் மோதியது போல பலமான அடி விழுந்தால் விடுபட்டுவிடும். சமதரையில் ஓட்டிப் பார்த்ததால் தன் கண்ணுக்குத் தப்பிவிட்டது, கழற்றிப் பார்க்காதது தன் தப்பு என்று அவரே சொன்னார். மருந்துக்கடைக்காரருக்கு அவரிடம் கோபம் வரவில்லை. வேறு ஒன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது.

பட்டறை வாசலில் கிடந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? கீழ குனிஞ்சு பாத்தீங்கல்ல, அப்ப உங்க மூஞ்சி... சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

பயத்தில் முகம் எப்படியோ கோணியிருக்கும் என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள், நம்பத்தான் அவளும் ஆசைப்பட்டாள்.

"சிரிச்சேன்மா" என்றார். "நீ சாகப் போறியோன்னு தோணறதுக்கு முன்னாடி, எனக்குப் புத்தி கலங்கலன்னு தோணிச்சு. ஒரு நொடிதான். ஆனா அதுதான் முன்னாடி வந்துச்சு."

மகள் அவரைப் பார்க்கவில்லை. உள்ளே மெக்கானிக் எதையோ சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு அவள் மெல்ல, "அவ்வளவு பயமாவா இருந்தீங்க?" என்று கேட்டாள்.

அவளுடைய கை வந்து அவர் முழங்காலில் உட்கார்ந்தது.

புதுக் கேபிள் போட்டு, பலமுறை ஆழமாக மிதித்துக் காட்டி, வண்டியை எடுத்துப் போகலாம் என்றார் மெக்கானிக். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மருத்துவமனைக்குப் பேருந்தில் போனார்கள். முன் இருக்கை கிடைத்தது. முதல் வளைவில் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க, இரண்டு பேருடைய வலது கால்களும் ஒரே நேரத்தில் வெறும் தரையை அழுத்தி மிதித்தன.